அடியில் ஒரு வரிசை

"தலைய வெட்டியா பாப்பீங்க?"

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் தலையசைத்தாள்.

"பல்லு பாக்கவா?"

"ஆமா. பல்ல வெச்சுத்தான் எந்தப் புழுன்னு பேரு சொல்ல முடியும்."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"சில பேஷண்டுகளப் பாக்குறப்ப எனக்கும் அந்த ஆசை வரும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்புக்கு முன்பே இடது கை எழுந்து வாயை மூடியது.

பழக்கம். மேல்வரிசையில் ஒரு தெத்துப்பல். பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து, போடி ஊரில் இருக்கும் இவன் வீட்டுக்கு அனுப்பிய போட்டோ வரை, எல்லாவற்றிலும் அவள் உதடுகள் சேர்ந்தே இருக்கும்.

பெண் பார்க்க வந்திருப்பவன் பல் டாக்டர்.

வேறு வேலையில் இருக்கிற மாப்பிள்ளையே கிடைக்கவில்லையா என்று அம்மாவிடம் சண்டை போட்டாள். அம்மா அசரவில்லை. "வாய மூடிச் சிரிடி, அது போதும். மத்தியானம் இலை போடுறதுக்குள்ள சரியா இல்லையான்னு ஒரு வார்த்த சொல்லிரு."

அவன் பல்லைப் பார்ப்பான். பார்த்ததும் "கிளிப் போட்டா சரியாயிரும்" என்பான். பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னதுதான். இவன் கிளினிக்குக்கு வரவேண்டிய தேதியும் சேர்த்துச் சொல்வான்.

அப்படிச் சொன்னால், இந்தக் கல்யாணம் இல்லை. நேற்றே முடிவு செய்துவிட்டாள்.

பெரியவர்கள் ஏரியில் படகு ஏறப் போயிருந்தார்கள். அவன் மட்டும், பேச்சுக்குப் பேச்சு ஆன்ட்டி போட்டு, "எனக்கு போட்டுன்னா தல சுத்தும் ஆன்ட்டி, அவங்க வேலையப் பாத்துட்டு வரேன் ஆன்ட்டி" என்று அம்மாவிடம் அனுமதி வாங்கி, அவள் பாடம் நடத்தும் கல்லூரியின் ஆய்வகத்துக்கு வந்துவிட்டான். கொடைக்கானல் குளிருக்குப் பயந்து வாங்கிய புது ஸ்வெட்டர். தோளில் கடை ஸ்டிக்கர் இன்னும் இருந்தது. அதை அவனிடம் சொல்லவா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.

இன்று அவளுக்கும் விடுமுறைதான். இந்தப் புழுதான் விடவில்லை.

நகக்கீற்றை விடச் சிறியது. வளர்ந்து பறந்தால் கொசு மாதிரி இருக்கும், கடிக்காது. அருவிக்கு மேலே, விரல் மரத்துப்போகிற ஓடையில், கல் கல்லாகப் புரட்டிப் பிடித்தது. அந்த உயரத்தில் கிடைத்தது இது ஒன்றுதான்.

தாடைக்கு அடியில் சீப்பு மாதிரி ஒரு பல்வரிசை இருக்கும். நடுப்பல் ஒற்றையா இரட்டையா என்று பார்த்தால் பெயர் சொல்லிவிடலாம்.

இதற்கு நடுப்பல்லே இல்லை. பாறையைச் சுரண்டிச் சுரண்டித் தின்று, வரிசை மொத்தமும் தேய்ந்து மழுங்கியிருந்தது.

பெயர் தெரியாதவற்றோடு சேர்த்து மூடிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நான் பாக்கலாமா?"

எழுந்து இடம் விட்டாள். இதற்கு முன் பெண் பார்க்க வந்த ஒருவர், புழு என்ற சொல்லைக் கேட்டதற்கே கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

இவன் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

"எங்க கிளினிக்ல யாரும் இவ்வளவு சமத்தா வாயத் தொறக்க மாட்டாங்க" என்றான். பிறகு, "நல்லாத் தேஞ்சிருக்கு. அடியில பாத்தீங்களா?"

"அடியிலயா?"

"ஆறு வயசுப் பிள்ளைக்கு எக்ஸ்ரே எடுத்தா, ஆடுற பல்லுக்கு அடியில அடுத்தது ரெடியா நிக்கும்ல. அந்த மாதிரி."

புழுவுக்கு ஏது பால்பல் என்று சொல்ல வாயெடுத்தாள்.

சொல்லவில்லை.

புழு தோலுரிக்கும். உரிக்கும்போது தலையும் பல்லும் சேர்ந்தே கழலும். கழல்வதற்கு முன்பே, உள்ளே புதுத் தலை தயாராகியிருக்கும். வருஷா வருஷம் வகுப்பில் இதைச் சொல்பவளே அவள்தான்.

அவனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். தோள் இடித்ததைக் கவனிக்கவில்லை.

கொஞ்சம் கழித்துக் கவனித்தாள்.

இடது கை தட்டைப் பிடித்தது. வலது கை குவியத் திருகை மயிரிழை அளவு திருப்பியது. தேய்ந்த வரிசை மங்கியது. அதற்கும் அடியில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஆட்கள் நடந்து வருவதுபோல, ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கின.

வெளிறிய, கூரான, இன்னும் எதையும் கடித்துப் பார்க்காத பற்கள்.

நடுவில் இரண்டு.

"ரெட்டை" என்றாள். "ரெட்டைங்க."

புழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு அப்படியே அவன் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

கை எழவில்லை.

பழைய நுண்ணோக்கி. ஒரு கையை எடுத்தால் தட்டு நழுவும். இன்னொன்றை எடுத்தால் திருகு இறங்கும்.

முழுச் சிரிப்பு. தெத்துப்பல்லோடு.

அவன் பார்த்துக்கொண்டிருந்தான். புழுவை அல்ல.

இப்போது சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. பொறுக்க முடியாமல் அவளே கேட்டாள்.

"டாக்டராப் பாக்குறீங்களா?"

"டாக்டர் இன்னிக்கு லீவுங்க."

மேசைமேல் அவள் போன் அதிர்ந்தது. அம்மா. இலை போடும் நேரம்.

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு அவனை.

"கொஞ்சம் எடுங்களேன்."

"எடுத்து என்ன சொல்ல?"

அவள் மறுபடியும் சிரித்தாள். வாயை மூடவில்லை.

அவன் போனை எடுத்தான். ஸ்வெட்டரைச் சரி செய்துகொண்டான். தொண்டையைச் செருமினான்.

"சொல்லுங்க, அத்தை."