டெரன்ஸின் திரை

துபாயில் தான் ஓட்டும் முதலாளியின் உல்லாசப் படகுக்கு ஆழமும் வழியும் மீனும் காட்டும் திரை வாங்கப் போனபோது, தமிழ் பேசியதைத்தான் டெரன்ஸ் எடுத்தான். ஓட்டுகிறவனின் பேச்சைக் கேட்டே பழகி, அவன் சொல்கிறபடி படகையும் செலுத்தும் திரை அது. ஆழத்தை மீட்டரில் சொல்லாதே, எங்கள் தூத்துக்குடிக் கடலில் சொல்வதுபோல, இரு கை விரித்த நீளத்தை ஒரு பாகமாக வைத்துப் பாகத்தில் சொல் என்று ஒரு வாரம் ஆசையாகப் பழக்கினான்.

இப்போது அவன் சொன்னால்தான் படகு நகர்கிறது. முதலாளியின் சென்னைத் தமிழைத் திரை மதிப்பதேயில்லை. பழக்கியதையெல்லாம் அழித்துப் பார்த்தும் அது டெரன்ஸின் குரலையே தேடியது.

விடுப்புக் கேட்டதும் முதலாளி சிரித்தார். “நீயும் படகுல ஒரு பார்ட் ஆயிட்ட தம்பி. பார்ட்டைக் கழட்டி யாராவது ஊருக்கு அனுப்புவாங்களா?”

படகில் உட்கார்ந்தே அக்காவுக்குச் செய்தி அனுப்ப, போனிடம் பேசினான்.

“எக்கா, ஒங் கல்யாணத்துக்கு வர முடியலக்கா. அப்பா இருந்தா கையப் புடிச்சுக் கோயிலுக்குள்ள கூட்டிட்டுப் போயிருப்பாவ. நான் வாரேன்னு சொன்னேன். சித்தப்பாவக் கூப்பிட்டுக்கோ. அம்மாட்ட நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு.”

குரல் உடைந்தது. திரை விழித்துக்கொண்டு, அவன் பழக்கிய அதே பேச்சில் கேட்டது:

“ஏம்ல அழுத? எட்டுப் பாகத்துல சீலா மீனு கெடக்கு. வா, நாம போவோம்.”