அராஸ் பாலத்துக்கு அப்பால்

எங்கள் ஊர் தப்ரீஸிலிருந்து இந்த மலைப்பாதை முழுக்க வண்டியை ஓட்டிவந்தவள் நான். வண்டியும் என் சம்பாத்தியத்தில் வாங்கியது. ஆர்மீனியாவுக்குள் நுழையும் முன் எங்கள் நாட்டுக் கடைசிச் சாவடியில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அதிகாரி என் பாஸ்போர்ட்டை விரலால் தட்டிக்கொண்டே என் கணவன் பெஹ்ரங்கைப் பார்க்கிறார். "சம்சாரம் நாட்ட விட்டுப் போறதுக்கு நீங்க அனுமதி குடுத்தாச்சா?" முன்னால் நிற்கும் நான் அவர் கண்ணுக்கே தெரியவில்லை. பெஹ்ரங் நெஞ்சில் கைவைத்துக் குனிகிறான். எங்கள் ஊர் உபசாரப் பேச்சு அவன் வாயிலிருந்து தானாக வழிகிறது. "ஐயோ சார், எங்க அனுமதியே உங்க கையிலதான இருக்கு!" இருவரும் சிரிக்கிறார்கள். முத்திரை விழுகிறது. எல்லைப் பாலத்தில் ஓட்டுகிறவர் மட்டும் வண்டியில் போகலாம், கூட வந்தவர் நடந்துதான் வர வேண்டும். பாலத்தைத் தாண்டி ஆர்மீனியப் பக்கத்தில் நிறுத்துகிறேன். முக்காட்டை உருவி, பின்சீட்டில் கிடக்கும் அவன் கோட்டின்மேல் வீசுகிறேன். செம்மலைகளின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருக்கிறது. கீழே அராஸ் ஆறு இரைகிறது. பெஹ்ரங் கைகளைக் கக்கத்தில் இடுக்கியபடி வந்து கதவைத் தட்டுகிறான். "திற கண்ணு, குளிருது." கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்குகிறேன். "என் அனுமதிய அந்தாள் கையில குடுத்துட்டு வந்தியே, போய் வாங்கிட்டு வா."