ஒரு பாகம் குறைகிறது

"அக்கா, நான் எடுத்திருப்பேன்னு எங்க ஆபீசுக்கு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களே."

வாசலில் நின்ற கூரியர்காரரின் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. நான்கு மாதமாக அவளிடம் பார்சல் வாங்கிப் போகிறவர். சீருடை இல்லாமல் அவர் வந்தது இதுதான் முதல் தடவை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நீங்க எடுத்தீங்கன்னு எழுதலை தம்பி. வழியில காணாமப் போகுதுன்னுதான் எழுதினேன்."

"வழின்னா நான்தானே அக்கா."



கணவருடைய பட்டறைச் சாமான்களை ஒவ்வொன்றாக இணையத்தில் போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தன. போன மாதம் பிடித்தது சனி. டிரில் மெஷின் வாங்கியவர், பக்கவாட்டில் திருகி மாட்டும் கைப்பிடி வரவில்லை என்று படம் எடுத்து அனுப்பினார். அடுத்து இரும்பு அறுக்கும் ரம்பம். பிளேடை இறுக்கும், இரண்டு காது வைத்த நட்டு அதில் இல்லை. இன்னொரு புகார் வந்தால் இனி விற்கவே முடியாது என்று அந்த இணையதளம் எச்சரித்திருந்தது.

"காலையில எல்லாத்தையும் சரிபார்த்து, பெட்டியில வச்சு, போட்டோ எடுத்துடறேன். நீங்களே பாருங்க." போனை நீட்டினாள். படத்தில் ரம்பம் நட்டோடு முழுசாக இருந்தது. "சாயங்காலம் உங்க கையில கொடுக்கறேன். நடுவுல யாரு தொடப்போறா?"

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பெட்டி திறந்திருக்கே. டேப் எப்ப ஒட்டுவீங்க?"

"காலையில எங்க நேரம்? மூடியை மடிச்சு வச்சுட்டு ஓடிடுவேன். வேலையில இருந்து வந்துதான் ஒட்டுவேன்."

"ஒட்டறப்ப உள்ள பாப்பீங்களா?"

"காலையில பாத்ததைத் திரும்ப எதுக்கு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு ஏதாவது போகுதா அக்கா?"

போகிறது. மரம் இழைக்கும் இழைப்புளி. இப்போதுதான் ஒட்டி வைத்திருந்தாள்.

"உள்ள வாங்க" என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "இந்தப் புகார் விஷயம் எதுவும் என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு உடைஞ்சுடுவார். மெதுவாப் பேசுங்க."

அறைக்குள் மேஜைமேல் பெட்டி இருந்தது. பக்கத்திலேயே நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருந்தார். கூரியர்காரர் வணக்கம் சொன்னார். கணவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவள் டேப்பைக் கிழித்தாள். காகிதத்தை விலக்கி இழைப்புளியைத் தூக்கியவள், காலையில் எடுத்த படத்தைப் பார்த்தாள். மறுபடி இழைப்புளியைப் பார்த்தாள். தகட்டை அழுத்திப் பிடிக்கும் திருகாணி இல்லை. கடலை அளவுதான் இருக்கும் அது.

கூரியர்காரர் நீளமாக மூச்சு விட்டார். "என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே போயிடுது அக்கா."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னை மன்னிச்சிடுங்க தம்பி. இப்பவே உங்க ஆபீசுக்குப் போன் பண்றேன்."

"பகல்ல வீட்ல யாரு இருக்காங்க?"

"இவர் மட்டும்தான்."

கூரியர்காரரின் பார்வை நாற்காலிப் பக்கம் போய்விட்டுத் தரைக்கு இறங்கியது.

"சேச்சே. இவர் இல்லை" என்றாள் அவள் சட்டென்று. "இவரா இருக்கவே முடியாது."

"நான்தான்" என்றார் கணவர்.

அவள் திரும்பினாள்.

"வாசல்ல நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. இன்னொருத்தர் பிழைப்புக்கு இது உலை வைக்கும்னு எனக்குத் தெரியாது. அந்த டிராயரைத் திற."

மேஜையின் டிராயர் எப்போதும்போல் பாதி இழுத்தபடி கிடந்தது. அவள் முழுவதுமாக இழுத்தாள். துணிகளுக்கு மேலே டிரில் மெஷினின் கைப்பிடி. அதன் பக்கத்தில் காது வைத்த நட்டு. மூலையில் அந்தச் சின்னத் திருகாணி.

கூரியர்காரருக்குப் பாவமாகிவிட்டது. "விடுங்க அக்கா. ஆசை ஆசையா வாங்கின சாமானா இருக்கும். விக்க மனசு வந்திருக்காது. சார்கிட்ட எதுவும் கேக்காதீங்க."

அவள் காதில் எதுவும் விழவில்லை. திருகாணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பேசியபோது குரல் அவளுடையதாகவே இல்லை.

"எப்படிக் கழட்டினீங்க? பல்லாலயா?"

கணவர் இல்லை என்று தலையசைத்தார். மடியில் கிடந்த வலது கையைத் தோளால் இழுத்து மேஜைமேல் போட்டார். அறையில் மூவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கட்டைவிரல் துடித்தது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அவர் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. ஆள்காட்டி விரல் எதிர்கொண்டு வளைந்தது. இரண்டு நுனிகளும் நடுங்கியபடி ஒன்றை ஒன்று தொட்டன.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன அக்கா, என்ன ஆச்சு?" பதறினார் கூரியர்காரர்.

"பதினோரு மாசமா இவருக்கு நான்தான் தம்பி சாப்பாடு ஊட்டி விடறேன்" என்றாள், அந்த விரல்களிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு கையிலயும் மணிக்கட்டுக்குக் கீழ நரம்பு செத்துப்போச்சு, இனிமே ஒரு விரல்கூட மடங்காதுன்னு மூணு டாக்டருங்க சொல்லிட்டாங்க."

"நிச்சயமாத் தெரியாம உனக்கு ஆசை காட்டக்கூடாதுன்னுதான் சொல்லலை" என்ற கணவர், தப்பு செய்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார். "கழட்ட வந்துடுச்சு. திரும்ப மாட்டத்தான் இன்னும் வரலை."