முந்தி வந்த ஆமென்

“தனிய இருந்து கேளுங்கோ ரீச்சர்,” என்று சொல்லித்தான் காலையில் ஜெசிந்தா ரெக்கோடரைத் திருப்பித் தந்தாள்.

பிள்ளை வெட்கப்படுகிறது என்று பெற்றிசியா ரீச்சர் நினைத்தாள். கேட்க நேரம் எங்கே கிடைத்தது? பாடம் தொடங்க முன்னமே ஆமிப் பெரியவன் ஒருவன் வகுப்புக்குள் வந்து கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டான்.

மேசையில் கிடந்த சின்னச் சாமான் என்னவென்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பேச வாய் கூசும் பிள்ளைகள் வீட்டில் இதில் பேசிப் பதிந்து வருவார்கள், மறுநாள் வகுப்பே கேட்டுத் திருத்தும் என்று விளக்கினாள். ஜெசிந்தா கோயில் திருநாளுக்குச் செபமாலை சொல்லப் பழகுகிறாள் என்றாள். உள்ளங்கை வியர்வையைக் கறுப்புச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

“போடுங்க, கேப்பம்,” என்றான்.

போட்டாள். ‘அருள் நிறைந்த மரியே’ என்று ஜெசிந்தாவின் குரல் தடங்கலில்லாமல் வந்தது. மறுபாதியைத் தாய் லூர்தம்மா சொன்னாள்.

கூடவே, அடங்கின ஓர் ஆண்குரலும் சொன்னது.

அது ஆம்பிளை இல்லாத வீடு. பள்ளிமுனை ஊருக்கே தெரியும், ஆமிக்கும் தெரியும். ஒளித்திருப்பவன் பிடிபட்டால் தாயும் மகளும் சேர்ந்தே போவார்கள்.

நிறுத்தினால் சந்தேகம் வரும். பெற்றிசியா எழும்பிச் சிலுவை போட்டு, அடுத்த மறுபாதியை உரத்துச் சொன்னாள். முற்பாதி காதில் விழுந்தால் இந்தப் பிள்ளைகளின் வாய் சும்மா இராது. வகுப்பே எழும்பிச் சேர்ந்துகொண்டது.

அத்தனை சத்தத்துக்குள்ளும் அந்தக் குரல் எல்லோருக்கும் முந்தி ஆமென் சொன்னது.

பெற்றிசியா தன் ஆமெனை விட்டுவிட்டு ரெக்கோடரையே பார்த்தாள்.

“திரும்பப் போடுங்க. பிள்ளைகள் சத்தம் வேணாம்.”

ஜெசிந்தா விறைத்துப்போய் நின்றாள்.

பெற்றிசியா ரெக்கோடரைக் கைக்குள் எடுத்து, அழிக்கும் பொத்தானை விரல் நோக அமத்தினாள்.

“ஐயோ சேர், கை மாறிப் பட்டிட்டுது. எல்லாம் அழிஞ்சு போச்சு.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கறுப்புச் சேலையைப் பார்த்தான். பிறகு எழும்பிப் போனான்.

அவனுடைய ஆட்கள்தான் முன்பு அவள் புருசன் டொமினிக்கைத் தேடி வீட்டுக்கு வந்துபோனவர்கள். அவருடைய வள்ளம் வெறுமையாய்க் கரையொதுங்கியதோடு தேடுவதை விட்டார்கள். அவளும் கறுப்பு உடுத்தி, அவர் ஆன்மாவுக்குப் பூசை கொடுத்தாள்.

செபத்திலாவது அவசரப்படாமல் ஆறுதலாய்ச் சொல்லச் சொல்லி எத்தனை ஏச்சு ஏசியும், ஆமெனை முந்திச் சொல்வதை விடாத மனுசன் டொமினிக்.

தனிய இருந்து கேட்க இனி ஒன்றுமில்லை.