அய்யலுசாமிக்கு வந்த மானியம்

மழை பொய்த்ததில் வரப்புக்கு இந்தப் பக்கம் என் உளுந்தும் அந்தப் பக்கம் அய்யலுசாமியின் உளுந்தும் ஒன்றுபோலத்தான் கருகின. மானியம் மட்டும் அவனுக்கு வந்தது.

அரசாங்கம் இப்போதெல்லாம் பயிரைப் பார்ப்பதில்லை. விவசாயி கையில் கட்டியிருக்கும் பட்டை அவன் மனக்கஷ்டத்தை அளந்து அனுப்புகிறது. பட்டை சிவந்தால் பணம். நான் படுத்தவுடன் தூங்குகிறவன். என் பட்டை பச்சையாகவே கிடந்தது.

அந்தப் பணத்தில் அவன் போர் போட்டு மோட்டார் இறக்கினான். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்குச் சோறு இறங்காது.

"எனக்கில்லாத கஷ்டம் அவனுக்கு மட்டும் எங்கேயிருந்துடி வந்துச்சு?" என்று மனைவி சண்முகத்தாயிடம் கத்தினேன். கத்தும்போதே என் பட்டை சிவந்தது. பிறகு அது பச்சைக்குத் திரும்பவே இல்லை. அடுத்த தடவை ஊரிலேயே அதிக மானியம் எனக்குத்தான்.

கேள்விப்பட்டதும் அய்யலுசாமி ஓடி வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இம்புட்டுக் கஷ்டத்தையும் உள்ளேயே வச்சிருந்தீங்களாண்ணே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நம்ம மோட்டார்லயே தண்ணி பாய்ச்சிக்கோங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. வெட்கத்தில் தலை குனிந்தேன். அப்போதுதான் அவன் பட்டையைப் பார்த்தேன். எனக்காகச் சிவந்திருந்தது.

அவன் தெருமுனை திரும்பும்வரை பொறுத்திருந்தேன்.

"பாத்தியா சம்முவம், அடுத்த மானியத்துக்கு இப்பவே அடி போட்டுட்டுப் போறான்!"