அங்கமுத்துவின் வாய்

"இன்னிக்கு ஒரே ஒரு படகு கொடியைத் தாண்டிப் போனாலும் உன் வேலை போச்சு, அங்கமுத்து" என்றார் கோட்டைத் துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி ஜெகபர் அலி.

பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையின் கொடிக்காரன் அங்கமுத்து. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் நின்று, புயல் வருமென்றால் சிவப்புக் கொடி ஏற்றிப் படகுகளைத் திருப்ப வேண்டும். கொடி ஏற்றுவதில் அவனைக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில்தான். கயிதே, எருமை என்று வையாமல் ஒரு சேதியும் அவனுக்குச் சொல்ல வராது. அந்த எரிச்சலிலேயே மீனவர்கள் கொடியை மதிக்காமல் போனார்கள்.

அதனால்தான் இந்தச் சோதனை. மேகமே இல்லாத நாளில் சிவப்புக் கொடி ஏறும். படகுகள் திரும்புகின்றனவா என்று துரை கோட்டை மேலிருந்து தூரக்கண்ணாடியில் பார்ப்பார். சோதனை என்று யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

கஞ்சி கொண்டுவந்த மனைவி வேலம்மா, அவன் முகத்தைப் பார்த்தே விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"ஒருநாள் மரியாதையா பேசித்தான் பாரேன்யா. வாயில இருக்கிற முத்து கொட்டிடுமா?"

கொடி ஏறியது. படகுகள் வந்தன. முதல் படகில் சுப்பராயலு. போன வாரம்தான் இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். 'டேய்' என்று நுனிநாக்குவரை வந்ததை அங்கமுத்து எச்சிலோடு விழுங்கினான்.

"அண்ணே, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன். இன்னிக்குக் கடலுக்குப் போவாதீங்க. நீங்கல்லாம் நல்லா இருக்கணும்."

சுப்பராயலுவின் துடுப்பு பாதியில் நின்றது. வானத்தைப் பார்த்தார். அங்கமுத்துவைப் பார்த்தார். பின்னால் வந்த படகுகளுக்கு என்னவோ சொல்லிவிட்டுப் படகைத் திருப்பினார். அவ்வளவுதான், மடமடவென்று அத்தனை படகும் கரைக்குத் திரும்பின.

அங்கமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. துபாஷி மூச்சிரைக்க ஓடிவந்து, துரைக்கு ஏக சந்தோஷம், வேலை நிலைத்தது என்று தட்டிக்கொடுத்தார். ஒரு நல்ல வார்த்தைக்கு இத்தனை பலமா? இனி நாய்க்குக்கூட வாங்க, போங்கதான் என்று அந்த இடத்திலேயே முடிவுகட்டினான்.

நன்றி சொல்லக் குப்பத்துக்கு ஓடினான். அங்கே படகுகளை மணல்மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் சட்டி பானையோடும் பிள்ளைகளோடும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சுப்பராயலு கூரைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணே, ஊரே காலி பண்ணுது?"

மறுபடியும் 'அண்ணே'யைக் கேட்டதும் சுப்பராயலு கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார்.

"கொடிய எவன்டா பாத்தான்? உன் வாயில மரியாதை வருதுன்னா, இன்னிக்குக் கடல் ஊரையே முழுங்கப் போவுதுனுதானே அர்த்தம்? நிக்காத, நீயும் வேலம்மாவ இட்டுக்கினு மேட்டுக்கு ஓடு."