அஞ்சரை மணி ஃப்யூஸ்

"பிடிங்கடா அவனை! ஃப்யூஸைப் புடுங்கறான் பாரு!"

லாரியிலிருந்து குதித்த மக்பூல் அகமது, லுங்கியை மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல் ஓடினார். பாலாற்றுப் பாலத்து சிக்னல் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில் கொடிக்காரர் கோதண்டபாணி. கையில் ஃப்யூஸ் கட்டை.

ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகல் பாலம். பதினெட்டு வருஷமாக இந்த முனையில் கோதண்டபாணி, அந்த முனையில் சாமிநாதன். நடுவில் மேடு, ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. அதனால் கடைசி வண்டிக்காரனிடம் கொடியைக் கொடுத்தனுப்புவார்கள். கொடி வந்து சேர்ந்தால்தான் எதிர்ப்பக்கத்துக்கு வழி.

போன மாதம் அதற்கெல்லாம் முழுக்குப் போட்டு ஆட்டோமேடிக் விளக்கு வந்தது. மனு மேல் மனு போட்டு வரவழைத்ததே தோல் வியாபாரி மக்பூல்தான். ஆனால் தினமும் சாயங்காலம் அஞ்சரைக்கு விளக்கு அணைந்துவிடும். மறுபடியும் கொடி.

இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கவே எஞ்சினியர் தேவானந்தத்தையும் ஜீப்போடு கூட்டி வந்திருந்தார்.

"பார்த்தீங்களா சார்? லைட் எரிஞ்சா இவன் வேலை போய்டும். அதான் புடுங்கறான். லாரி நிறைய பச்சைத்தோல் சார், நின்னா நாறிப் போகும்!"

"ஏத்தும்போதே நாறிச்சே பாய்," என்றார் கோதண்டபாணி.

"வாயைப் பாருங்க சார், வாயை!"

எஞ்சினியருக்கு முகம் சிவந்தது. "நானே இந்த ஜீப்பை ஓட்டிப் பார்த்து, எத்தனை செகண்ட் பச்சைன்னு கணக்குப் போட்டு வச்ச லைட்டுய்யா இது! ஏன் புடுங்கின?"

"லைட் வந்த அன்னிக்கே ஒண்ணு சொன்னேன் சார், நீங்க..."

"நீ எனக்குச் சொல்றியா?"

"பத்து நிமிஷம் பொறுங்க சார். கொடி இன்னும் வரலை. வந்ததும் நானே போட்டுடறேன்."

"கொடியாம் கொடி! வேலையே போகப் போகுது, பத்து நிமிஷம் கேக்கறான்."

எஞ்சினியரே கட்டையைப் பிடுங்கிப் பெட்டியில் சொருகினார். ஜீப் மேல் வைத்துப் புகாரை எழுதி மக்பூலிடம் நீட்டினார். "நீங்கதான் சாட்சி. கையெழுத்துப் போட்டா நாளைக்கே ஆள் வீட்டுக்கு."

விளக்கு பச்சையானது.

"அந்தாண்ட போய்ப் போட்டுக்கலாம் சார், பச்சையை விடக் கூடாது. என் பின்னாலயே வாங்க!" காகிதத்தோடு மக்பூல் லாரியில் தாவி ஏறினார்.

மேடு தாண்டியதும் லாரி கிறீச்சிட்டு நின்றது. எதிரே ஒரு தள்ளுவண்டி. மலை மாதிரி தோல் கட்டு. உச்சியில் சாமிநாதனின் கொடி.

மக்பூல் தலையை நீட்டினார். "சிவப்பு தெரியலையாடா குருட்டுப் பயலே? எந்த மடையனோட சரக்குடா இது?"

கட்டுக்குப் பின்னாலிருந்து வியர்த்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. ஏகாம்பரம்.

"உங்க சரக்குதான் முதலாளி. லாரிக்கு டீசல் ஜாஸ்தின்னு நீங்கதானே ஸ்டேஷன்லேர்ந்து குடோனுக்குத் தள்ளிக்கினு வரச் சொன்னீங்க?"

மக்பூலுக்குக் குரல் இறங்கியது. "பச்சையில வர்றதுக்கு இன்னா?"

"பச்சையிலதான் ஏறுவேன். பாதி பாலத்துல சிவப்பாய்டும். எதிர்ல பஸ்ஸு வந்துடும். மொத வாரம் ரெண்டு தபா சுவத்தோட நசுங்கப் பாத்தேன். அப்புறம் என் நல்ல நேரம் முதலாளி, நான் வர்ற அஞ்சரைக்கு மட்டும் தானா லைட் கெட்டுப் போய்டுது."

பின்னால் எஞ்சினியரின் ஜீப் ஹாரன் அலறியது. அதற்கும் பின்னால் பஸ் ஹாரன்.

மக்பூல் அந்தக் காகிதத்தை நாலாகக் கிழித்து வறண்ட ஆற்றில் வீசினார். பிறகு உடம்பில் பாதியை வெளியே நீட்டி, வந்த பக்கம் பார்த்துக் கத்தினார்:

"யோவ் கோதண்டபாணி! அந்தக் கட்டையைப் புடுங்கித் தொலைய்யா!"